நாலே முக்கால் மில்லிமீட்டர்

டெட்ராய்ட் நகரத்தின் தெருக்களுக்குக் கீழே சுமார் 350 மீட்டர் ஆழத்தில் ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. சுவர், தரை, கூரை எல்லாமே உப்பு. 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பகுதியை மூடியிருந்த கடல் வற்றியபோது விட்டுப்போன படிவம் அது. 1906-இல் குழி தோண்டத் தொடங்கி 1910-இல் முடித்தார்கள். அந்த இடைவெளியில்தான், 1908-இல், ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் அதே ஊரில் வெளிவந்தது. உலகத்துக்கே கார் செய்துகொடுத்த ஊர், காரைத் தின்னும் பொருளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் அந்த உப்பு தோல் பதனிடவும் உணவுத் தொழிலுக்கும் போனது. இன்று பெரும்பாலும் குளிர்காலச் சாலைகளுக்குப் போகிறது.

சாலையில் உப்புப் போடும் வழக்கம் அமெரிக்காவில் அவ்வளவு பழையதல்ல. 1938-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் சோதனையாக ஆரம்பித்தது. இப்போது நாடு முழுக்க ஆண்டுக்கு இரண்டு கோடி டன் அளவுக்குக் கொட்டுகிறார்கள். உப்பு கரைந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. நூற்றுக்கு 23 பங்கு உப்பு கலந்த கரைசல் மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை திரவமாகவே இருக்கும். ஆனால் மைனஸ் 10 டிகிரியைத் தாண்டியதும் சாதாரண உப்பு மந்தமாகத்தான் வேலை செய்யும். அதனால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். பனி பெய்வதற்கு முன்பே இவற்றைக் கரைசலாகத் தெளித்துவிடுவதும் உண்டு. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துருவின் கதையில் சமையல் உப்பைவிடப் பொல்லாதவை இவைதான்.

மிச்சிகனிலோ ஒஹாயோவிலோ, எல்லைக்கு அந்தப்பக்கம் டொராண்டோவிலோ பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் ஓடிய காரின் அடியில் படுத்துப் பாருங்கள். சைலன்ஸர் பழுப்பாக இருக்கும், சேஸிஸ் செதில் செதிலாக உரியும். அவை கண்ணை உறுத்தும். ஆனால் அவை இத்துப்போகத் தொடங்கினால் சத்தம் அதிகமாகும், வண்டி ஆடும். உயிரைப் பற்றிக் கவலைப்படவேண்டியது வேறொன்றைக் குறித்து. சேஸிஸை ஒட்டி முன்னிருந்து பின்னுக்கு, பெட்ரோல் டேங்குக்கு மேலே நுழைந்து, பின் அச்சு வரை ஒரு மெல்லிய குழாய் போகும். வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர். சுவர் கனம் 0.7 மில்லிமீட்டர். அதுதான் பிரேக் பைப்.

அந்தக் குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று ஒரு கணக்குப் போடுவோம். நடுத்தரமான ஒரு பிரேக்கில் உங்கள் கால் பெடலை 20 கிலோ விசையோடு அமுக்குகிறது. பெடல் ஒரு நெம்புகோல். அதை நான்கு மடங்காக்கி 80 கிலோ ஆக்குகிறது. எஞ்சின் வெற்றிடத்தில் இயங்கும் பூஸ்டர் இன்னொரு நான்கு மடங்கு சேர்த்து 320 கிலோ ஆக்குகிறது. இந்த விசை 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் பரப்பு 3.8 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 84 கிலோ. உங்கள் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் இரண்டேகால் கிலோதான்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லா இடத்துக்கும் போகும் என்று பிளேஸ் பாஸ்கல் எழுதினார். அந்த நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663-இல், அச்சானது. அதே 84 கிலோ முன்சக்கரத்து டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்குப் போய், 54 மில்லிமீட்டர் பிஸ்டன்மேல் விழும்போது 1,900 கிலோவுக்கு மேற்பட்ட பிடியாகிறது. ஒரு சக்கரத்தில் மட்டும். காலில் 20 கிலோ, சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு டன். நடுவில் இருப்பது அந்த நாலே முக்கால் மில்லிமீட்டர் குழாய்.

இந்த ஏற்பாட்டைக் காருக்குக் கொண்டுவந்தவர் மால்கம் லாக்ஹீட். விமான நிறுவனத்தைத் தொடங்கிய ஆலன் லாக்ஹீடின் சகோதரர். 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் திரவ பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது. 1924-இல் கிரைஸ்லர் அதை நடுத்தர வர்க்கத்தின் கைக்குக் கொண்டுவந்தது. அதுவரை கம்பியும் கேபிளும்தான். நான்கு கம்பிகளையும் ஒரே அளவுக்கு இழுக்கும்படி சரிசெய்வதே மெக்கானிக்குக்குப் பெரிய வேலை. திரவத்துக்கு அந்தக் கவலை இல்லை, எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம் தானாகப் போய்விடும். ஆனாலும் ஃபோர்டு நிறுவனம் 1939 மாடல் வரும்வரை இதை ஏற்கவில்லை. பெடலிலிருந்து சக்கரம் வரை எஃகுதான் நம்பகமானது என்று விளம்பரமே செய்தது. பிடிவாதம் என்று சிரிக்கலாம். ஆனால் குழாய் ஓட்டையானால் எல்லாம் போய்விடும் என்ற அவர்களது பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்துக்கான பதில், அமெரிக்காவில் 1968 முதல் கட்டாயமான இரட்டை வட்டம்: மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறைகள், ஒவ்வொன்றும் இரண்டு சக்கரங்களைக் கவனித்துக்கொள்ளும். ஒரு பாதி போனாலும் மறு பாதி நிற்கும். ஆனால் பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னுக்குச் சாய்வதால் பெரும்பகுதி வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. மிஞ்சியது பின் பாதியாக இருந்தால் வண்டி நிற்கும்தான். எவ்வளவு தூரம் தள்ளி நிற்கும் என்பதுதான் கேள்வி.

இப்போது குழாயின் பலத்தைப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கணக்கு இதுதான். உள் அழுத்தத்தை உள்விட்டத்தால் பெருக்கி, சுவர் கனத்தின் இரு மடங்கால் வகுத்தால், சுவரின் உலோகம் தாங்கவேண்டிய இழுவிசை கிடைக்கும். உள்விட்டம் 3.35, கனம் 0.7. விடை சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இந்த வகை மென் எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்குவது ஏறத்தாழ 2,000 கிலோவில். பத்து மடங்கு கையிருப்பு.

பொறியாளர்களைப் பாராட்டவேண்டிய இடம் இது. பயப்படவேண்டிய இடமும் இதுவே. சுவரில் பத்தில் ஒன்பது பங்கு துருவாகப் போனபிறகும், 0.07 மில்லிமீட்டர் தகடு மட்டும் மிஞ்சியிருந்தாலும், குழாய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பெடல் அழுத்தமாகவே இருக்கும். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கடைக்குப் போய்வரும்போது போடும் மெல்லிய பிரேக்குக்கு 20, 30 கிலோ அழுத்தம் போதும் என்பதால் இத்துப்போன குழாயும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். என்றைக்கோ ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும். கால் முழு பலத்தோடு இறங்கும். அழுத்தம் நூறைத் தாண்டும். குழாய் பிய்ந்துபோவது அந்தக் கணத்தில்தான். தற்செயலாக அப்படி அமைவதில்லை; அவ்வளவு அழுத்தத்தை அது சந்திப்பதே அப்போதுதான். “நேற்றுவரை நல்லா இருந்துச்சே” என்று பிறகு சொல்பவர் பொய் சொல்லவில்லை.

துரு எங்கே முதலில் பிடிக்கிறது? குழாயின் நீளம் முழுக்கச் சீராகப் பிடித்தால் யாரும் பார்த்துவிடலாம். அது அப்படிச் செய்வதில்லை. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920-களில் செய்துகாட்டிய ஒரு சோதனை இதை விளக்குகிறது. நன்றாகத் தேய்த்த எஃகுத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு காட்டிகள் கலந்திருக்கும்: பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும், பினாஃப்தலீன், காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். முதலில் இரண்டு நிறமும் புள்ளி புள்ளியாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும். சொட்டின் நடுப்பகுதி நீலம். விளிம்பு இளஞ்சிவப்பு. இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையம், அதுதான் துரு.

காற்றிலிருக்கும் ஆக்சிஜன் விளிம்பில் எளிதாகக் கரைகிறது. நடுவில் தீர்ந்துபோன ஆக்சிஜன் மீண்டும் வந்துசேரத் தாமதமாகிறது. விளிம்பில் ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அந்த எலெக்ட்ரான்களைக் கொடுப்பதற்காக நடுவில் இருக்கும் இரும்பு கரைகிறது. ஒரே தகட்டுக்குள் ஒரு சிறிய பேட்டரி. உப்பு இதில் இரண்டு வேலை செய்கிறது: நீரில் மின்னோட்டம் சுலபமாக ஓட வழிவிடுகிறது, இரும்பின்மேல் படியும் காப்புப்படலத்தில் குளோரைடு அயனி பொத்தல் போடுகிறது. ஆக்சிஜன் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. இரும்பு அதிகமாகக் கரைவது ஆக்சிஜன் குறைவாக இருக்கும் மூலையில்.

இனி காரின் அடிக்குத் திரும்பினால் துரு எங்கிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். குழாயைச் சேஸிஸோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு அடியில். அங்கே ஈரச்சேறு புகுந்தால் வெளியேறாது, காற்றும் புகாது. எவன்ஸின் சொட்டின் நடுப்பகுதி அதுதான். குழாயைப் பத்திரமாகப் பிடித்திருக்கும் இடத்திலேயே குழாய் முதலில் இத்துப்போகிறது. வெளியே தெரியும் பகுதி பளபளவென்றிருக்க, கிளிப்பைக் கழற்றினால் செதிலாக உதிரும். பெட்ரோல் டேங்குக்கு மேலே போகும் பகுதி இன்னும் மோசம். கண்ணுக்கும் எட்டாது, தண்ணீர்க் குழாய்க்கும் எட்டாது.

கோடை வந்தால் உலர்ந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. ஒவ்வோர் உப்புக்கும் ஓர் ஈரப்பத எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் அதைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். சமையல் உப்புக்கு அந்த எல்லை 75 சதவீதம். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 மட்டுமே. கால்சியம் குளோரைடும் அதை ஒட்டியதுதான். சேற்றோடு ஒட்டிய அந்த உப்புகள் ஜூலை மாதத்திலும் குழாயை ஈரமாகவே வைத்திருக்கும். வெளியே பனியில் உறைந்து நிற்கும் காரைவிட, உப்புச் சேற்றோடு கதகதப்பான கேரேஜில் நிற்கும் கார் வேகமாகத் துருப்பிடிக்கும். வேதிவினைக்கு வெப்பம் வேண்டும். நம்மூரில் பனி இல்லை; ஆனால் குளோரைடு இருக்கிறது. காரைக்குடி சிக்ரி ஆய்வகம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திவைத்து அரிப்பின் வேகத்தை அளந்துவருகிறது. கடற்கரை ஓரம் வண்டி நிறுத்துபவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பிற்பாதியும் பொருந்தும்.

குழாய் செய்பவர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. டெட்ராய்ட்டில் தோன்றிய பண்டி நிறுவனத்தின் குழாய்தான் நெடுங்காலம் அடிப்படை: செம்பு பூசிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் செம்பை உருக்கி ஒட்டவைத்தது. வெளியே துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் இரும்புக்கு முன்பு தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்; ஹம்ஃப்ரி டேவி 1824-இல் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்கக் கையாண்ட உத்தி. ஆனால் துத்தநாகம் தீர்ந்துவிடும், அதற்கு மேல் காப்பு இல்லை.

1999 முதல் 2003 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப், எஸ்யூவி வண்டிகளின் பிரேக் பைப்புகள் உப்பு மாநிலங்களில் வெடிப்பதாகப் புகார் எழுந்தது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2010-இல் விசாரணை தொடங்கியது. ஏறத்தாழ 50 லட்சம் வண்டிகள். 2015 ஏப்ரலில், வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடாமலே முடித்துக்கொண்டது. இது தயாரிப்புக் குறைபாடு இல்லை, பழைய வண்டிகள் உப்பில் தேய்ந்து ஆயுள் முடிவதுதான் என்றது. குளிர்காலம் முழுக்க அடிப்பாகத்தைக் கழுவுங்கள், குழாய்களைப் பாருங்கள், செதில் உரிந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுரை சொன்னது. வேதியியல்படி அந்த முடிவில் பிழை காண்பது கடினம். ஆனால் 1970-களிலேயே வோல்வோ துருவே பிடிக்காத வேறொரு உலோகத்தில் பிரேக் பைப் போட ஆரம்பித்துவிட்டது. துரு விதி என்று சொல்லும்போது, எந்த உலோகம் என்பது மனிதர் எடுக்கும் முடிவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அந்த உலோகம் செம்பு-நிக்கல் கலவை: நூற்றுக்குப் பத்துப் பங்கு நிக்கல், சிட்டிகை இரும்பும் மாங்கனீசும், மற்றதெல்லாம் செம்பு. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்கானது. கடல்நீரில் இதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதுவே காப்பாக நின்றுவிடும். வீட்டிலேயே பழுதுபார்ப்பவருக்கு இன்னொரு வசதி: கையாலேயே வளைக்கலாம், விளிம்பு விரிக்கும்போது வெடிக்காது. எஃகுச் சுருளைவிட விலை கூடுதல். கொடுக்கலாம். ஆனால் தனிச் செம்புக் குழாய் வேண்டாம். ஏசி கடையில் கிடைக்கும், பார்க்கவும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் அதிர்வில் இறுகி, களைத்து, விரிசல் விடும்.

இனி வேலை. வட அமெரிக்காவின் உப்பு மாநிலங்களில் சனிக்கிழமை வீட்டு வாசலில் இந்த வேலை செய்பவர்கள் ஏராளம். செய்யக்கூடியதுதான் என்பது என் கருத்தும். ஜாக்கி வண்டியைத் தூக்க மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் படுப்பவருக்கு பிரேக்கைப் பற்றிய அறிவுரை எதற்கு?

நேரத்தைத் தின்பது புதுக்குழாய் போடுவதல்ல, பழைய நட்டைக் கழற்றுவது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமன் கூடும். நட்டுக்கும் குழாய்க்கும் இடையே இருந்த மயிரிழை இடைவெளியில் துரு புடைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நட்டைத் திருப்பினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். சாதாரண ஸ்பேனர் நட்டின் இரண்டு முகத்தை மட்டும் பிடிப்பதால் மென்மையான நட்டு உருண்டையாகிவிடும். முழு ரிங் ஸ்பேனர் குழாய்க்கு மேல் நுழையாது. அதற்காகவே, வளையத்தில் ஒரு பிளவு விட்ட ஸ்பேனர் விற்கிறார்கள். குழாய் அந்தப் பிளவு வழியே நுழையும், வளையம் ஐந்து முகங்களைப் பிடிக்கும். அதைவிட நல்ல வழியும் உண்டு. எப்படியும் தூக்கியெறியப்போகும் குழாய்தானே? நட்டை ஒட்டி அதை வெட்டிவிடுங்கள். பிறகு ஆறுமுக சாக்கெட்டை முழுதாகப் போட்டுத் திருப்பலாம். ஊடுருவும் எண்ணெயை முதல் நாளே விட்டுவைத்தால் மரைகளுக்குள் இறங்கியிருக்கும். நெருப்பு காட்டுவது கடைசி வழி. ரப்பர் ஹோஸ், பெட்ரோல் டேங்கு அருகே அதுவும் கூடாது. பிரேக் ஆயிலும் தீப்பற்றும்.

பழைய குழாயை முடிந்தவரை முழுசாக இறக்கி, அதன் வளைவுகளைப் பார்த்துப் புதியதை வளைப்பது நல்லது. மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் குழாய் சுருளாகச் சுற்றியிருப்பதைக் காணலாம். மிச்சக் குழாயைச் சுற்றிவைத்ததாக நினைத்து நேராக இழுத்துவிடாதீர்கள். எஞ்சினும் உடலும் வெவ்வேறாக அதிர்வதை அந்தச் சுருள்தான் வாங்கிக்கொள்கிறது.

வெட்டுவதற்கு ரம்பம் வேண்டாம். சக்கரம் வைத்த பைப் கட்டர் வேண்டும். ரம்பத்தூள் ஒன்று உள்ளே போனால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷரைக் கீறிவிடும். வெட்டிய முனையின் உள்பிசிறை எடுத்து, அரத்தால் சமப்படுத்தி, மறக்காமல் நட்டைக் குழாயில் மாட்டிவிட்டு, பிறகு விளிம்பு விரியுங்கள். நட்டை மாட்டாமல் விளிம்பு விரித்துவிட்டு விழிக்காத மெக்கானிக் உலகத்தில் இல்லை.

விளிம்பு விரிப்பதில்தான் இந்த வேலையின் மொத்த நுணுக்கமும் இருக்கிறது. குழாய் முனையைப் பிடிகட்டையில் இறுக்கி முதல் அச்சை அமுக்கினால் முனை காளான் தொப்பியாகப் புடைக்கும். இரண்டாவது கூம்பை அமுக்கினால் அந்தத் தொப்பி உள்ளே மடிந்து, துணியின் ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்தாற்போல இரட்டைச் சுவராகி, 45 டிகிரி புனலாக நிற்கும். ஒற்றை மடிப்பில் விரித்தால் விளிம்பு மெலிந்து பிளக்கும். பிரேக்குக்கு அது ஆகாது. பல ஐரோப்பிய வண்டிகளில் காளான் தொப்பி போன்ற வடிவமே முடிவான வடிவம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மரை ஒன்றாகவே இருக்கலாம், நட்டு சுலபமாக ஏறும், ஆனால் ஒழுகும். உங்கள் வண்டியில் எது என்று பழைய முனையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒழுகாமல் தடுப்பது மரை என்று பலர் நினைக்கிறார்கள். நட்டின் மரை செய்வது தள்ளும் வேலை மட்டும். குழாயின் மென்மையான புனல், எதிரே இருக்கும் கூம்பின்மேல் நசுங்கி, உலோகத்தோடு உலோகம் ஒரு வளையமாகப் பொருந்திக்கொள்வதுதான் அடைப்பு. அதனால் இங்கே டெஃப்லான் டேப்புக்கு வேலையே இல்லை. அதன் நார் பிய்ந்து உள்ளே போனால் வால்வை அடைக்கும். இறுக்கமும் அதிகம் வேண்டாம். 15 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் 10 கிலோ விசை போதும். தண்ணீர்க் குழாய் வேலையில் பயன்படும், வளையம் போட்டு இறுக்கும் கம்ப்ரஷன் இணைப்பை வைத்து நடுவில் ஒட்டுப்போடும் பழக்கத்தையும் பார்க்கலாம். அந்த வளையம் உராய்வால் மட்டுமே குழாயைப் பிடித்திருக்கிறது. தண்ணீர்க் குழாயின் சில கிலோவுக்கு அது சரி. நூறு கிலோவில் குழாய் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒட்டு அவசியமானால் இரு முனையையும் விரித்து முறையான யூனியன் போடுங்கள்.

புதுக்குழாய் மாட்டியதும் அதற்குள் இருப்பது காற்று. ஒரு மீட்டர் குழாய்க்கு 9 சி.சி.; பின்சக்கரத்துக்குப் போகும் மூன்று மீட்டரில் 26 சி.சி. ஒரு முழு மிதிக்கு மாஸ்டர் சிலிண்டர் தள்ளுவதோ 11 சி.சி. அளவுதான். திரவம் நூறு கிலோ அழுத்தத்தில் சுமார் அரை சதவீதம்தான் சுருங்கும். காற்று 84 கிலோவில் எண்பத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். ஒரே ஒரு சி.சி. குமிழி மிஞ்சினாலும் அதை நசுக்க மாஸ்டர் பிஸ்டன் 2.6 மில்லிமீட்டர் போகவேண்டும். பெடலில் அது ஒரு சென்டிமீட்டர். பஞ்சு பெடல் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

ஏர் எடுக்க இருவர் வேண்டும். ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சக்கரத்தருகே இருக்கும் ஏர் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு வரும் ஆயிலைக் குழாய் வழியே ஜாடியில் பிடித்து, நிப்பிளை மூடியபிறகே கால் எடுக்கவேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். சில வண்டிகளுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று மாட்டிக்கொண்டால் அதன் வால்வுகளைத் திறக்க ஸ்கேனர் தேவைப்படும். அதனால் வேலை முழுக்க மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அமுக்கவேண்டாம். பிஸ்டன் வருடக்கணக்கில் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் அழுக்கும் அரிப்பும் மேடு கட்டியிருக்கும். ரப்பர் அதில் ஏறினால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

ஆயில் புதிய புட்டியிலிருந்தே வரட்டும். டாட் 3, டாட் 4 வகை திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கவேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 140 டிகிரி. மலைப்பாதை இறக்கத்தில் கேலிப்பர் சூட்டில் அது ஆவியானால், காற்றுக்குமிழி செய்யும் அதே வேலையை ஆவி செய்யும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்டை உரித்துவிடும்.

ஒரு குழாய் இத்துப்போயிருந்தால் மற்றவையும் அதே குளிர்காலங்களைப் பார்த்தவைதான். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டாம். எல்லாம் முடிந்ததும், வண்டி நிற்கும்போதே எஞ்சினை ஓடவிட்டு, எதிரே குழந்தை ஓடிவந்தால் எப்படி மிதிப்பீர்களோ அப்படி முழு பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். இன்னொருவர் அதற்குள் எல்லா இணைப்பையும் காகிதத்தால் ஒற்றிப் பார்க்கட்டும். காகிதம் ஈரமானால் நட்டை மேலும் முறுக்கி ஒப்பேற்றாதீர்கள். முனையை வெட்டி, மறுபடி விரித்து மாட்டுங்கள். பெடல் கொஞ்சமேனும் இறங்கினால் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.